கத்திக்கொண்டே காதுகொடுக்கும் பெட்டி

2013 ஜனவரி 1 விடிந்தபோது, அமெரிக்காவில் அதுவரை நன்றாக ஓடிக்கொண்டிருந்த வயர்லெஸ் செட்டுகள் பல சட்டத்துக்குப் புறம்பானவையாகியிருந்தன. செட்டுகளில் பழுது ஏதும் இல்லை. அந்நாட்டுக் கூட்டாட்சித் தகவல்தொடர்பு ஆணையம் வைத்திருந்த கெடு முந்தைய நள்ளிரவோடு முடிந்துவிட்டது, அவ்வளவுதான். 150 முதல் 174 மெகாஹெர்ட்ஸ் வரையிலும் 421 முதல் 470 வரையிலும் பேசிவந்த போலீஸ், தீயணைப்பு, டாக்ஸி, பள்ளிப் பேருந்து எல்லோரும் தங்கள் சேனலின் அகலத்தை 25 கிலோஹெர்ட்ஸிலிருந்து பாதியாக, 12.5 ஆக, சுருக்கிக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு. பேசுகிறவர்கள் பெருகிவிட்டார்கள், அலைவரிசை பெருகவில்லை.

கொஞ்சம் புதிய செட்டுகளைக் கணினியில் இணைத்து மாற்றிவிடலாம். அதற்கு முந்தைய தலைமுறைக்கு அந்த வழி கிடையாது. அலுவலக பாஷையில் சொன்னால் அவை கண்டம். பட்டியல் போட்டு, ஏலம் விட்டு, லாரியில் ஏற்றிவிடுவார்கள். அந்த ஏலத்துக்காகவே காத்திருந்த ஒரு கூட்டம் உண்டு: ஹாம் வானொலிக்காரர்கள். தேர்வெழுதி உரிமம் வாங்கி, காசு பார்க்கும் நோக்கமில்லாமல் சொந்த நிலையம் வைத்துப் பேசுகிறவர்கள். அமெரிக்க ஹாம்களுக்கு ஒதுக்கிய 144–148 மெகாஹெர்ட்ஸும் 420–450 மெகாஹெர்ட்ஸும் மேற்சொன்ன வணிக அலைவரிசைகளுக்குப் பக்கத்து வீடு. புதிய கெடு ஹாம்களைக் கட்டுப்படுத்தவும் இல்லை. ஆக, போலீஸுக்கு உதவாத பெட்டியைக் கொஞ்சம் கீழே இறக்கி டியூன் செய்தால் ஹாமுக்கு உதவும்.

இந்தக் கதை இப்படி நடந்தது முதல் தடவையும் அல்ல. எஃப்.எம். முறையில் குரல் ஏற ஏற அலையின் அதிர்வெண் நடுப்புள்ளியிலிருந்து இரு பக்கமும் விலகி ஆடும். 1940-இல் கனெக்டிகட் மாநிலப் போலீஸுக்காகப் பேராசிரியர் டேனியல் நோபல் எஃப்.எம். வயர்லெஸ் அமைப்பை வடிவமைத்த காலத்திலிருந்து, இந்த ஆட்டத்துக்குத் தாராளமாக இடம் விட்டிருந்தார்கள்: பக்கத்துக்கு 15 கிலோஹெர்ட்ஸ். பிறகு நெரிசல் வந்தது. ஆட்டத்தை 5 கிலோஹெர்ட்ஸுக்குள் அடக்கச் சொல்லி விதி வந்தது. 1960-களின் தொடக்கத்தில் அது முழுமையாக நடைமுறைக்கு வந்தபோது, டாக்ஸிகளின் டிக்கியில் கிடந்த வால்வு செட்டுகள் மொத்தமாகக் காயலான் கடைக்கு வந்து சேர்ந்தன. பாட்டரி மின்சாரத்தை வால்வுகள் கேட்கும் பல நூறு வோல்ட்டாக மாற்ற, அவற்றில் சிலவற்றுக்குள் ஒரு குட்டி மோட்டாரும் ஜெனரேட்டரும் ஒரே தண்டில் சுழலும். மைக் பொத்தானை அழுத்தினால் வண்டியின் விளக்கு மங்கும் அளவுக்கு மின்சாரத்தை உறிஞ்சும் பூதங்கள். அவற்றைக் கிட்டத்தட்டச் சும்மா வாங்கிப்போய்த்தான் அமெரிக்க ஹாம்கள் எஃப்.எம்.முக்குப் பழகினார்கள். அதுவரை கடைகளில் ஹாம்களுக்கென்று எஃப்.எம். செட் விற்க யாருக்கும் பெரிய ஆர்வம் இருந்ததில்லை. இலவசப் பெட்டிகள் ஒரு கூட்டத்தை உருவாக்கின. கூட்டம் சேர்ந்த பிறகு சந்தை வந்தது. அந்தக் கூட்டத்தை ஊதிப் பெருக்கியதில் வேய்ன் கிரீன் நடத்திய '73' இதழுக்கும் பங்குண்டு. 1972-இல் ஆணையமே ஹாம் ரிப்பீட்டர்களுக்குத் தனி விதிகள் எழுத வேண்டிவந்தது.

ரிப்பீட்டர் எதற்கு? இந்த அதிர்வெண்களில் அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும். பூமியின் வளைவுக்குப் பின்னால் இருப்பவரை எட்டாது. ஏரியலின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12-ஆல் பெருக்கினால் வானொலித் தொடுவானம் எத்தனை கிலோமீட்டர் என்று வரும். கையில் பிடித்த வாக்கி-டாக்கிக்கு ஏரியல் உயரம் ஒன்றரை மீட்டர். தொடுவானம் 5 கிலோமீட்டர். 1,000 மீட்டர் மலை உச்சிக்கு அதே கணக்கில் 130 கிலோமீட்டர். எனவே உச்சியில் ஒரு பெட்டியை வைத்து, கீழே இருப்பவர் பேசுவதைக் கேட்டு, அதே நொடியில் பலத்த குரலில் திருப்பிச் சொல்லவைத்தால், மலையின் இரு புறமும் இருக்கும் இரண்டு சின்ன வாக்கி-டாக்கிகள் பேசிக்கொள்ளலாம். கலிஃபோர்னியாவில் ஆர்ட் ஜென்ட்ரி என்ற ஹாம் 1950-களிலேயே லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்துக்கு இப்படி ஒன்றை இயக்கிக் காட்டினார்.

சொல்ல எளிது. 'அதே நொடியில்' என்பதில்தான் வில்லங்கம் இருக்கிறது.

சாதாரண வயர்லெஸ் செட் பேசும்போது கேட்காது, கேட்கும்போது பேசாது. பொத்தானை அழுத்தியதும் உள்ளே ஒரு ரிலே டக்கென்று ஏரியலைக் கேட்கும் பகுதியான வாங்கியிலிருந்து பிடுங்கி, பேசும் பகுதியான அனுப்பியிடம் கொடுத்துவிடும். ரிப்பீட்டருக்கு இந்த வசதி இல்லை. கேட்டுக்கொண்டே கத்த வேண்டும், அதுவும் பெரும்பாலும் ஒரே ஏரியலில். கேட்பது ஓர் அதிர்வெண், கத்துவது இன்னொன்று என்றாலும் இரண்டுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறுகியது. அமெரிக்காவில் பழைய, பிரபலமான ஜோடி ஒன்று: 146.34-இல் கேட்டு 146.94-இல் பேசுவது. வித்தியாசம் 600 கிலோஹெர்ட்ஸ். அதாவது அரை சதவீதம்கூட இல்லை.

இப்போது பலத்தைக் கணக்கிடுவோம். நல்ல வாங்கி ஒன்று கால் மைக்ரோவோல்ட் சமிக்ஞையைக்கூடப் புரியும்படி கேட்கும். 50 ஓம் ஏரியல் கம்பியில் அது 1.25 ஃபெம்டோவாட், ஒரு வாட்டைக் கோடி கோடியாகப் பிரித்து, அதில் ஒரு துண்டை மறுபடி எட்டாகக் கூறுபோட்டால் கிடைப்பது. அதன் அருகிலேயே அனுப்பி கத்துவது 50 வாட். வகுத்துப் பாருங்கள்: நாற்பதாயிரம் லட்சம் கோடி மடங்கு. இந்த விகிதத்தைத் தாங்கிக்கொண்டு, தூரத்தில் எங்கோ பாட்டரி தீர்ந்துகொண்டிருக்கும் ஒருவரின் குரலைத் தவறவிடாமல் பிடிப்பதுதான் ரிப்பீட்டரின் வேலை.

இதில் இரண்டு தனித்தனிச் சிக்கல்கள் இருக்கின்றன. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்வதால்தான் பலர் கட்டும் ரிப்பீட்டர் பேசத் தொடங்கியதும் செவிடாகிறது. முதலாவது, அனுப்பியின் பெருங்குரல் 146.94-இல் இருந்தாலும் அதன் பலத்தாலேயே வாங்கியின் முன்பகுதி திணறிப்போவது. இதற்கு வாங்கியின் வாசலில் வடிகட்டி போட்டால் தீரும். இரண்டாவது கொஞ்சம் நுட்பமானது. எந்த அனுப்பியும் தன் அதிர்வெண்ணில் மட்டும் பேசுவதில்லை. இரு பக்கமும் மெல்லிய இரைச்சலைப் பரப்பிக்கொண்டே இருக்கும். அந்த இரைச்சலின் ஓர் இழை 146.34-லேயே விழும். வாங்கியின் வாசலில் எந்த வடிகட்டியும் அதைத் தடுக்க முடியாது. அது வரவேண்டிய குரலின் அதே கதவால் நுழைகிறதே! அதை அனுப்பியின் பக்கத்திலேயே அடக்கியாக வேண்டும்.

இங்கேதான் கண்டமான போலீஸ் செட்டின் மதிப்பு தெரிகிறது. வர்ஜீனியாவின் லிஞ்ச்பர்கில் ஜெனரல் எலக்ட்ரிக் தயாரித்த 'மாஸ்டர்-2', மோட்டோரோலாவின் 'மைக்கார்' போன்ற 1970-களின் செட்டுகளைப் பற்றிப் பழைய ஹாம்கள் இன்றும் மரியாதையோடு பேசுவதற்கு வெறும் ஏக்கம் காரணமல்ல. அவை ஒரே ஒரு வேலைக்காகச் செய்யப்பட்டவை. ஒரு சேனலுக்கு ஒரு குவார்ட்ஸ் கிரிஸ்டல். மாஸ்டர்-2 அனுப்பியில் கிரிஸ்டலின் அதிர்வு பல கட்டங்களில் பெருக்கப்பட்டு 12 மடங்காகிறது. 146.94 மெகாஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் 12.245 மெகாஹெர்ட்ஸில் அதிரும் கிரிஸ்டல் வேண்டும். வேறு சேனலுக்கு மாற வேண்டுமானால் வேறு கிரிஸ்டலை அறுத்துத் தேய்த்து வாங்க வேண்டும். இன்றைய மலிவு செட்டில் விசையைத் தட்டினால் ஆயிரக்கணக்கான அதிர்வெண்கள் வந்து நிற்கும். அந்தச் சௌகரியத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அதன் அதிர்வெண்ணைத் தொகுத்துத் தரும் சுற்று ஓயாமல் தன்னைத் திருத்திக்கொண்டே இருப்பதால், பக்கவாட்டு இரைச்சல் கூடுதல். கிரிஸ்டலோ பிடிவாதக்காரன், சொன்ன இடத்தில் நின்று அடக்கமாக அதிரும். இருவர் மாறி மாறிப் பேசும்போது இந்த வித்தியாசம் காதில் விழாது. ரிப்பீட்டரில் வைத்தால் உடனே விழும்.

வாங்கியின் முன்பக்கமும் அப்படித்தான். மூடியைக் கழற்றினால் வார்ப்பு உலோகத்தில் சின்னச் சின்ன அறைகள் வரிசையாக இருக்கும். ஒவ்வோர் அறைக்குள்ளும் தடித்த கம்பிச் சுருள் ஒன்று நிற்கிறது. மேலிருந்து ஒரு திருகு இறங்குகிறது. திருகை ஏற்றி இறக்கினால் அந்த அறை ஒத்ததிரும் அதிர்வெண் மாறும். அறைக்கும் அறைக்கும் நடுவே சிறு துளை. ஏரியலிலிருந்து வரும் சமிக்ஞை ஒவ்வோர் அறையாக நுழைந்து வரும்போது வேண்டாதவை வடிந்துபோகும். மலிவு செட்டில் இந்த இடத்தில் அகலத் திறந்த கதவுதான் இருக்கும், ஏனென்றால் எல்லா அதிர்வெண்ணும் உள்ளே வரவேண்டுமே.

மாற்றும் வேலை இப்படிப் போகும். புதுக் கிரிஸ்டலைப் பொருத்திய பிறகு சோதனை மீட்டரைச் செட்டின் அளவீட்டுச் சாக்கெட்டில் செருகுவார்கள். சிக்னல் ஜெனரேட்டரிலிருந்து 146.34-இல் பலமான ஒரு சமிக்ஞையைக் கொடுத்து, பிளாஸ்டிக் முனையுள்ள டியூனிங் குச்சியால் முதல் சுருளைத் திருப்புவார்கள். இரும்பு ஸ்க்ரூடிரைவர் கூடாது. அதை எடுத்ததுமே டியூனிங் நகர்ந்துவிடும். முள் ஏறும், உச்சி தொடும், இறங்கத் தொடங்கும். அரைச் சுற்று பின்வாங்கி உச்சியில் நிறுத்த வேண்டும். அடுத்த சுருள். பிறகு சமிக்ஞையைக் குறைத்து மறுபடி முதலிலிருந்து. 150-க்கு மேல் ஓடப் பிறந்த செட்டை 146-க்கு இறக்கும்போது சில திருகுகள் கடைசிப் புரிவரை இறங்கியும் உச்சி கிடைக்காது. அப்போது நீளமான திருகு தேடுவார்கள். அனுப்பியின் பக்கம் என்றால் சில பிக்கோஃபாரட் கொள்ளளவுள்ள கெப்பாசிட்டர் ஒன்றைச் சேர்த்துப் பற்றவைப்பார்கள். 450-க்கு மேலுள்ள செட்டை 440-களுக்கு இறக்குவதில் இந்தத் தொல்லை குறைவு என்பார்கள் அனுபவசாலிகள்.

அடுத்தது, வண்டியில் இருந்த செட் என்றால் அதன் பழக்கத்தை மாற்றுவது. பேசும்போது வாங்கிக்கு மின்சாரத்தை நிறுத்தும் கம்பியைக் கண்டுபிடித்து வெட்ட வேண்டும். ஏரியல் ரிலேயைக் கழற்றி, கேட்பதற்கும் பேசுவதற்கும் தனித்தனி சாக்கெட் வைக்க வேண்டும். இரண்டுக்கும் நடுவே உலோகத் தடுப்பு. வாசலை அடைத்தாலும் மின்சாரக் கம்பி வழியாகவே அலை திருட்டுத்தனமாக உள்ளே போகும் என்பதால், பெட்டிக்குள் நுழையும் ஒவ்வொரு கம்பிக்கும் சுவரிலேயே ஒரு கெப்பாசிட்டர். இவ்வளவு பாடு எதற்கு என்று, ஒரே மாதிரி இரண்டு செட் வாங்கி ஒன்றைக் காதாகவும் மற்றதை வாயாகவும் வைத்துக்கொள்கிறவர்களும் உண்டு. எனக்கு அதுதான் புத்திசாலித்தனமாகப் படுகிறது.

இத்தனை செய்தும் நாற்பதாயிரம் லட்சம் கோடி அடங்காது. மீதியை அடக்குவது டூப்ளெக்ஸர் என்கிற உலோக உருளைகளின் கூட்டம். ஒவ்வோர் உருளைக்குள்ளும் நடுவில் ஒரு தண்டு. தண்டின் நீளம் ஏறக்குறைய கால் அலைநீளம். 146 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் 2 மீட்டருக்குச் சற்று மேல், ஆகவே தண்டு அரை மீட்டருக்குச் சற்று மேல். அனுப்பியின் பக்கத்து உருளைகள் 146.94-க்கு வழிவிட்டு 146.34-ஐ விழுங்கும், வாங்கியின் பக்கத்தவை இதற்கு நேரெதிர். பக்கத்துக்கு இரண்டு, மூன்று உருளை சேர்ந்து 100 கோடி மடங்குவரை அடக்கிவிடும். மிச்சத்தை வாங்கியின் உள்வடிகட்டிகள் பார்த்துக்கொள்ளும்.

சாதாரண உலோகத் தண்டு வெயிலில் நீளும் அல்லவா? செம்பு ஒவ்வொரு டிகிரிக்கும் பத்து லட்சத்தில் 17 பங்கு விரியும். இரவுக்கும் பகலுக்கும் 30 டிகிரி வித்தியாசம் என்றால் அரை மீட்டர் தண்டு கால் மில்லிமீட்டர் நீளும். கால் மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். அதிர்வெண்ணில் அது 74 கிலோஹெர்ட்ஸ். மொத்த இடைவெளியான 600-இல் எட்டில் ஒரு பங்கு. நடு இரவில் சரியாக அடக்கிய உருளை மதியம் வேறு எதையோ அடக்கிக்கொண்டிருக்கும். இதற்குத் தீர்வு சுவிட்சர்லாந்தில் பிறந்த ஷார்ல் எடுவார் கியோம் கண்டுபிடித்த இன்வார் என்ற கலப்பு உலோகம்: இரும்போடு 36 சதவீத நிக்கல். செம்பில் பத்தில் ஒரு பங்குகூட அது விரியாது. துல்லிய அளவீட்டுக்கு உதவிய இந்த வகை உலோகங்களுக்காகவே 1920-இல் அவருக்கு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. டூப்ளெக்ஸர் உருளையின் தலையில் நீட்டிக்கொண்டிருக்கும் டியூனிங் கம்பி பெரும்பாலும் இன்வார்தான். உள்ளே இருக்கும் தண்டின் நீளத்தை நிர்ணயிப்பது அது.

சூடு இன்னொரு விதத்திலும் படுத்தும். வண்டி செட் எப்போதாவது பேசும் என்று எண்ணிச் செய்யப்பட்டது. ஐந்து நிமிடத்தில் ஒரு நிமிடம் பேசினால் தாங்கும் என்பது அதன் கணக்கு. ரிப்பீட்டரில் ஊர்வம்பு நடக்கும் மாலைகளில் அனுப்பிக்கு ஓய்வே இருக்காது. எனவே 100 வாட் செட்டை 50-க்குக் கீழே ஓட்டி, பின்னால் ஒரு மின்விசிறி வைப்பார்கள். ஒருவரே நிறுத்தாமல் பேசினால் மூன்று நிமிடத்தில் கழுத்தைப் பிடித்து நிறுத்தும் டைமரும் வழக்கம். பத்து நிமிடத்துக்கு ஒரு முறையாவது நிலையத்தின் அழைப்புக் குறியைச் சொல்ல வேண்டும் என்பது அமெரிக்காவில் சட்டம். பழைய ரிப்பீட்டர்களில் சிலவற்றில் அதற்கென்று பற்கள் வெட்டிய ஒரு சக்கரம் மெல்லச் சுற்றி மோர்ஸ் தட்டும்.

யாரும் பேசாதபோது எஃப்.எம். வாங்கி சும்மா இருக்காது, உஸ்ஸென்று இரையும். சமிக்ஞை வந்தால் இரைச்சல் அடங்கும். அந்த அடக்கத்தைக் கவனித்து ஸ்பீக்கரைத் திறந்து மூடும் சுற்றுக்கு ஸ்கெல்ச் என்று பெயர். ரிப்பீட்டரில் அனுப்பியை ஓடவிடுவதும் நிறுத்துவதும் இந்த ஸ்கெல்ச்தான். இதில் மைக்காரின் சுற்று ஒரு சின்ன மேதை. சமிக்ஞை பலமாக இருந்தால், பேசுகிறவர் பொத்தானை விட்ட கணமே கதவை மூடிவிடும். இரைச்சலின் வால்கூடக் காதில் விழாது. சமிக்ஞை பலவீனமாக, ஓடும் காரிலிருந்து விட்டுவிட்டு வந்தால், அதே சுற்று கொஞ்சம் பொறுத்துப் பார்த்துத்தான் மூடும்; சொல் நடுவே அறுபடாது. எதிராளியின் நிலைமையைப் பார்த்து நடந்துகொள்ளும் இந்தக் குணத்துக்காகவே, செத்துப்போன மைக்கார்களிலிருந்து அந்தச் சிப்பை மட்டும் பிடுங்கி வேறு ரிப்பீட்டர்களில் வைக்கிறார்கள்.

வேண்டாதவர் குரலுக்கு ரிப்பீட்டர் விழித்துக்கொள்ளாமலிருக்க, குரலுக்கு அடியில் காதுக்குப் பிடிபடாத தாழ்ந்த சுருதி ஒன்றைச் சேர்த்து அனுப்புவதுண்டு. இன்று அதைச் சிப் கண்டுகொள்கிறது. பழைய மோட்டோரோலா செட்டில் அதைக் கண்டுகொண்டது நிஜமான உலோக நாக்கு, ஹார்மோனியத்தில் இருப்பதைப் போல. தன் சுருதி வந்தால் மட்டும் அது நடுங்கும். நடுங்கினால் கதவு திறக்கும்.

எல்லாம் சரியாக அமைந்தும் சில ரிப்பீட்டர்கள் கரகரக்கும். காரணம் பெட்டிக்குள் இருக்காது. கோபுரத்தில் தளர்ந்த ஒரு போல்ட், துருவேறிய ஒரு வேலி இணைப்பு. துருவுக்கு மின்னோட்டத்தை ஒருபக்கம் அதிகமாக விடும் குணம் உண்டு; அதாவது அது ஒரு மட்டமான டயோடு. அனுப்பியின் அலை அதில் பட்டால் புதுப்புது அதிர்வெண்கள் பிறந்து, காற்றடித்து வேலி ஆடும்போதெல்லாம் வாங்கிக்குள் கொட்டும். அலுமினியத் தாளும் செம்புப் பின்னலும் சேர்ந்த சில கேபிள்களும் இதையே செய்யும். அதனால் ரிப்பீட்டர்காரர்கள் வெள்ளிப்பூச்சுள்ள இரட்டைப் பின்னல் கேபிளுக்குத் தயங்காமல் காசு கொடுப்பார்கள். செட்டை அடிமாட்டு விலைக்கு வாங்கியவர்கள்தான் அவர்களும்.

இத்தனை அவஸ்தையையும் தாண்ட ஒரு குறுக்குவழி உண்டு: கேட்பதையும் பேசுவதையும் வெகுதூரம் பிரித்துவிடுவது. சர்வதேச விண்வெளி நிலையத்தில் 2020 செப்டம்பரில் இயங்கத் தொடங்கிய ஹாம் ரிப்பீட்டர் 145.990-இல் கேட்டு 437.800-இல் பேசுகிறது. மூன்று மடங்கு தள்ளி இருப்பதால் அந்த அரை மீட்டர் உருளைகளை ராக்கெட்டில் ஏற்ற வேண்டியதில்லை. அந்த இரண்டு அதிர்வெண்களும் இந்திய ஹாம்களுக்கான ஒதுக்கீட்டுக்குள்ளேயே வருகின்றன. நிலையம் தலைக்கு மேல் போகும்போது உரிமம் உள்ள மதுரைக்காரர் அதன் வழியே பேசலாம். சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் ஓர் ஏரியல் இருந்தால் தொடுவானம் என்ன ஆகும் என்பதற்கு அந்த வர்க்கமூலக் கணக்கு போதும். ஆனால் ஒரே அலைவரிசையில், ஒரே மலையில், ஒரே ஏரியலில் கட்டுகிறவருக்கு இந்தச் சலுகை கிடையாது.

அவருக்கு இப்போது வந்திருக்கும் தலைவலி வேறு. பழைய செட்டுகள் இன்னும் கிடைக்கின்றன, கிரிஸ்டல்தான் கிடைப்பதில்லை. தலைமுறைகளாக ஹாம்களுக்கு வேண்டிய அதிர்வெண்ணில் கிரிஸ்டல் தேய்த்துக் கொடுத்துவந்த ஒக்லஹோமா நகரத்தின் இன்டர்நேஷனல் கிரிஸ்டல் நிறுவனம் 2017-இல் கடையை மூடியது. அதனால் கிரிஸ்டல் இருந்த குட்டி டப்பாவுக்குள், அதே கால்களில் பொருந்தும்படி, அதிர்வெண் தொகுக்கும் சின்னச் சுற்றுகளைச் செய்து வைக்கிறார்கள். எந்த இரைச்சலுக்குப் பயந்து பழைய செட்டைத் தேடிப் போனார்களோ அதையே உள்ளே விட்டுவிடக் கூடாதென்று, ஒவ்வொரு சுற்றையும் மாட்டிய பிறகு அனுப்பியை அணைத்தும் ஓட்டியும், வாங்கி எவ்வளவு மெல்லிய குரல்வரை கேட்கிறது என்று அளந்து பார்க்கிறார்கள். இரண்டு அளவும் ஒன்றாக வந்தால்தான் பெட்டி மலையேறும்.